பள்ளி விடுமுறைக்காக ஆறு காத்திருக்காது
வெளிநாட்டு நதிக் கண்காணிப்புக்குச் சிங்கப்பூரிலிருந்து ஆள் சேர்ப்பது பற்றி

சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை ஆண்டுக்கு இரண்டு தடவைதான் நீளும். ஜூனில் நான்கு வாரம், நவம்பர் பின்பாதியிலிருந்து டிசம்பர் முடிய ஏறத்தாழ ஆறு வாரம். வெளிநாட்டு ஆறுகளில் நீர்த்தரம் அளக்கப் போகலாம் வாருங்கள் என்று வரும் அறிவிப்புகளும் பெரும்பாலும் இந்த இரண்டு இடைவெளிகளையே குறிவைக்கின்றன. ஆசிரியருக்கு அப்போதுதான் ஓய்வு, மாணவருக்கும் அப்போதுதான். ஆற்றின் கணக்கு வேறு. மீக்கோங்கில் ஜூன் என்பது மழை தொடங்கி நீர் ஏறும் காலம். டிசம்பர், வெள்ளம் வடிந்து நீர் இறங்கும் காலம். ஆறு மெலிந்து கிடக்கும் மார்ச், ஏப்ரலையும், கரைபுரளும் ஆகஸ்ட், செப்டம்பரையும் சிங்கப்பூர்க் குழு பார்ப்பதே இல்லை. ஐந்தாண்டு விடாமல் போய்வந்தாலும் கையில் மிஞ்சுவது பத்து அளவுகள்தாம். அந்தப் பத்தும் ஆறு நிலைமாறிக்கொண்டிருக்கும் நேரத்தில் எடுத்தவை.

மீக்கோங் கரை நாடுகளின் நீர்த்தரக் கண்காணிப்பு வலையம் 1985இல் தொடங்கியது. கம்போடியா 1993இல் சேர்ந்தது. 1995 ஏப்ரலில் சியாங் ராயில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் பிறந்த மீக்கோங் ஆற்று ஆணையம் இன்று அதை ஒருங்கிணைக்கிறது. 48 நிலையங்களில் மாதந்தோறும் நீர் எடுக்கிறார்கள். இப்படி ஒரு தொடர் ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றுக்கு ஆண்டில் இருமுறை பத்து நாள் போகும் குழு எதைக் கூடுதலாகத் தரப்போகிறது? ஆள் சேர்க்கும் விளம்பரத்தை எழுதுமுன் இதற்குப் பதில் வேண்டும். மற்ற பத்து மாதமும் அந்தக் கரையில் நிற்பவர் யார், அவரிடம் இல்லாதது எது, அதைக் கொண்டுபோகக்கூடியவர் சிங்கப்பூரில் யார் என்று வரிசையாகக் கேட்டால் தேவையான ஆட்களின் பட்டியல் தானாக வந்துவிடும். பெரும்பாலும் அது சின்னப் பட்டியலாகத்தான் இருக்கும்.

பொதுமக்களை ஆராய்ச்சிப் பயணத்தில் சேர்க்கும் முறை புதிதல்ல. 1971இல் பாஸ்டனில் தொடங்கிய எர்த்வாட்ச், தொண்டூழியர்கள் தாங்களே பணம் கட்டி ஆராய்ச்சியாளருடன் களத்துக்குப் போகும் வழக்கத்தைப் பரப்பியது. அங்கே ஆராய்ச்சித் திட்டம் முதலில் வரும், ஆட்கள் பிறகு வருவார்கள். நம் ஊரில் பல குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. இருபது மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் தயார், ஏதாவது ஓர் ஆறு கிடைக்குமா என்று தேடுகிறார்கள்.

கேள்விக்கு ஏற்ற ஆள்

‘ஆற்றைக் கண்காணிக்கிறோம்’ என்று மட்டும் எழுதினால், வரும் விண்ணப்பங்களில் யாரை எடுப்பது, யாரை விடுவது என்று தெரியாது. திருப்பூரின் நொய்யலை எடுத்துக்கொள்வோம். சாயப்பட்டறைக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி நிலமும் கிணறும் உப்பாகி, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. அங்கே கேள்வி உப்பைப் பற்றியது. நீரில் உப்பு கூடக்கூட ஏறும் மின்கடத்துதிறனை அளக்கும் கருவி ஒன்றும், அதை வாரந்தோறும் ஒரே மதகில் ஒரே நேரத்தில் முக்கி எடுத்துக் குறிக்க ஒருவரும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. நீர்ப்பூச்சிகளைப் பிரித்தறியும் நிபுணரை அங்கே கூட்டிப்போவது வீண்செலவு.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியில் கேள்வி ஊர்ச் சாக்கடை என்றால், பார்க்க வேண்டியது மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை நுண்ணுயிர். புட்டியில் எடுத்த நீரை ஐஸ் பெட்டியில் 10 பாகைக்குக் கீழ் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். ஆகவே அங்கே முதலில் சேர்க்க வேண்டியவர் ஆய்வகம் வைத்திருக்கும் உள்ளூர்க் கல்லூரிக்காரர். ஆய்வகம் எட்டாத இடமென்றால் கையடக்க அடைகாப்பானும் நுண்ணுயிர் வளர்க்கும் ஆயத்தத் தட்டுகளும் கொண்டுபோகலாம். ஆனால் தட்டில் 1 மில்லிலிட்டர் நீர்தான் விழுகிறது. அதில் ஒரே ஒரு புள்ளி தெரிந்தால் 100 மில்லிலிட்டருக்கு 100 என்று பொருள். அதைவிடக் குறைவான மாசு அந்தத் தட்டில் தெரியாது. ‘ஒன்றும் வரவில்லை, நீர் சுத்தம்’ என்று மாணவர்கள் அறிக்கை எழுதுவதற்கு இதுவே காரணம்.

இன்னொன்று, வெளிநாடு என்றதும் ஏன் விமானச் சீட்டைத் தேட வேண்டும்? பாலம் தாண்டினால் ஜோகூர். 1962 ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை, 2061 வரை, சிங்கப்பூர் நீர் எடுக்கக்கூடிய ஜோகூர் ஆறு அங்கேதான் ஓடுகிறது. பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆறும் அங்கேதான். 2019 மார்ச்சில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டது அந்த ஆற்றால். சனிக்கிழமை காலை போய் இரவு திரும்பலாம். பாலத்து நெரிசல் தனிக்கதை. மாதம் ஒருமுறை போவது என்பது சிங்கப்பூர்க்காரர்களுக்குக் கைகூடும் வெளிநாட்டு ஆறுகள் ஜோகூரில்தான் உண்டு. மலேசியச் சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீடு கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, வேதி ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திண்மம், பிஎச் என்ற ஆறு அளவுகளையும் சேர்த்துக் கணக்கிடுவது. அதே அளவுகளை நாமும் எடுத்தால் நம் எண்களை அவர்கள் எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அறிவியலைத் தமிழில் கற்றுத்தரும் தமிழ்ப்பள்ளிகளும் ஜோகூரில் இருக்கின்றன. சிங்கப்பூர்த் தமிழாசிரியருக்கு இதைவிட இயல்பான கூட்டாளி கிடைப்பது அரிது.

யார், எதற்கு

விஞ்ஞானி என்றவுடன் பேராசிரியரைத்தான் தேடுகிறார்கள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் வெப்பமண்டல நீர்நிலைகளில் பழுத்தவர்கள் உண்டு. மாதிரி எடுக்கும் இடங்களைத் தீர்மானிக்கவும், செய்முறை எழுதவும், முடிவுகளுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடவும் அவர்களில் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஒருவர் போதும். களத்தில் அதிகம் உதவுபவர் வேறு ஆள்: நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலோ தொழிற்சாலை ஆய்வகத்திலோ பல ஆண்டு வேலை பார்த்து, கருவி திருத்துவது கைப்பழக்கமாகிப்போன ஆய்வகத் தொழில்நுட்பர். ஓய்வு பெற்றவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. பள்ளி விடுமுறை அவர்களைக் கட்டிப்போடாது. மார்ச்சில் கூப்பிட்டாலும் வருவார்கள். ஆனால் அறிவிப்பில் ‘விஞ்ஞானிகள் தேவை’ என்று போட்டால் அவர்கள் விண்ணப்பிக்க மாட்டார்கள். ‘கரைந்த ஆக்சிஜன், மின்கடத்துதிறன் கருவிகளைத் திருத்தத் தெரிந்தவர், ஆண்டுக்கு இரண்டு தடவை ஐந்து நாள்’ என்று போட்டால் விண்ணப்பிப்பார்கள்.

ஆசிரியரை மாணவர்களின் காவலராக மட்டும் கூட்டிப்போவது பெரிய விரயம். அவர் செய்யக்கூடிய வேலையை வேறு யாரும் செய்ய முடியாது: அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியருடன் உட்கார்ந்து, ஓராண்டு அளவுகளை வைத்து மூன்று பாடங்கள் தயாரிப்பது. கல்வி அமைச்சின் ஆசிரியர்களுக்குப் பணியிடப் பயிற்சித் திட்டம் ஒன்று உண்டு. பள்ளிக்கு வெளியே ஒரு நிறுவனத்தில் சில வாரம் இருந்து கற்றுவர அது வழிசெய்கிறது. பயணத்தை அதனோடு இணைக்க முடியுமா என்று பள்ளி முதல்வரிடம் முந்தைய ஆண்டே கேட்டுவிடுவது நல்லது. அடுத்த ஆண்டுக்கான வேலைத் திட்டத்தைப் பள்ளிகள் முன்கூட்டியே முடித்துவிடும். பிப்ரவரியில் போய் ஜூனுக்குக் கேட்டால் தலையாட்டல்தான் கிடைக்கும்.

நாட்டுப் பெருமைக்கும் ஓர் எல்லை வேண்டும். 1977இல் தொடங்கிப் பத்தாண்டில் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் சுத்தம் செய்த கதையை வெளிநாட்டு வகுப்பறையில் சொல்ல ஆசிரியர்களுக்கு ஆசை வரும். சொல்லலாம். ஆனால் சிங்கப்பூர் ஆறு 3 கிலோமீட்டர் சொச்சம், ஒரே அரசாங்கத்தின் கையில் இருப்பது. மீக்கோங்கோ 6 நாடுகள் வழியாக 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்தச் சுத்தப்படுத்தலில் பன்றிப் பண்ணைகளை இடம்மாற்றிய வேகத்தில் மேலே உள்ள நாட்டின் அணையை மாற்ற முடியாது என்பது அங்குள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

மாணவர்களில் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு முதலிடம் தர வேண்டும் என்பது எங்கள் கட்சி. ஆய்வகத்தில் கை பழகியவர்கள். படிப்பின் பகுதியாகவே சில மாதத் தொழிற்பயிற்சி அவர்களுக்கு உண்டு. அதை ஆற்றங்கரையில் கழிக்க ஏற்பாடு செய்தால் விடுமுறைத் தளை அறுந்துவிடும். பல்கலைக்கழக மாணவர்களுக்கு மே முதல் ஜூலை வரை ஏறத்தாழ மூன்று மாதம் கிடைக்கும். வறண்ட ஆறு வெள்ளத்துக்கு மாறுவதை முழுசாகப் பார்க்கலாம். தேசிய சேவையை இன்னும் தொடங்காத 13 வயதுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளைகள் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்கினால் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். பயணத்தைப் பன்னிரண்டு வாரத்துக்கு நீட்டும்போது இந்தக் கோட்டைத் தாண்டுகிறோமா என்று நாள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேர்வு

நேர்முகத் தேர்வில் ‘ஏன் வர விரும்புகிறீர்கள்’ என்று கேட்டால் எல்லாரும் அழகாகப் பேசுவார்கள். அதைவிட இரண்டு மணி நேரச் செய்முறை நல்லது. ஒரு வாளி நீரை எடுத்து, ஐந்து பேரிடம் கொடுத்து, ஐவரையும் தனித்தனியே பிஎச், மின்கடத்துதிறன், கலங்கல்தன்மை, நைட்ரேட் நான்கையும் அளந்து தாளில் எழுதச் சொல்லுங்கள். எண் சரியா என்பதைவிடத் தாளைப் பார்க்க வேண்டும். நேரம் எழுதியிருக்கிறாரா, அலகு எழுதியிருக்கிறாரா, தவறாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் திருத்தினாரா அல்லது வெள்ளை மை பூசி மறைத்தாரா? பிஎச் கருவியில் எண் நிலைகொள்ளுமுன் அவசரப்பட்டு எழுதியவர் யார், இரண்டு நிமிடம் பொறுத்தவர் யார்? பக்கத்து ஆளின் எண்ணைப் பார்த்துத் தன் எண்ணை மாற்றியவரைச் சேர்க்கவே கூடாது. எவ்வளவு நல்ல மாணவராக இருந்தாலும் சரி.

பயிற்சிக்குக் காலாங் ஆறு இருக்கிறது. பிஷான்-அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயாக இருந்ததை 2012இல் வளைந்து நெளியும் ஆறாக மாற்றினார்கள். அங்கே மேலே மழை பெய்தால் சில நிமிடங்களில் நீர் ஏறும். எச்சரிக்கை விளக்கும் ஒலிபெருக்கியும் அதற்காகத்தான். ‘ஆறு எப்போது வேண்டுமானாலும் ஏறும்’ என்பதைச் சொல்லித்தருவதைவிட அந்த விளக்கு எரியும்போது கரையில் நிற்க வைப்பது பயன்படும். நீர்வழிகளுக்குள் இறங்கி மாதிரி எடுக்கப் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் முன் அனுமதி வேண்டும். பூங்காவிலோ வனப்பகுதியிலோ பூச்சி பிடிக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். வலையைத் தூக்கிக்கொண்டு நேரே போய்விட முடியாது.

பூச்சி பிடிப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையை ஆற்றோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, முன்னால் மூன்று நிமிடம் காலால் கற்களைக் கிளறி, வலையில் சேரும் பூச்சிகளைக் குடும்பவாரியாகப் பிரித்து மதிப்பெண் போடுவது முறை. தூய நீரில் மட்டும் வாழ்பவைக்கு அதிக மதிப்பெண், சாக்கடையிலும் தாங்குபவைக்குக் குறைவு. இந்த மதிப்பெண் அட்டவணை நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூரின் ஓடைகளுக்கும் கால்வாய்களுக்கும் என்றே 2014இல் சிங்ஸ்கோர் என்ற குறியீடு வெளிவந்தது. அதில் பழகிய மாணவர் அதே அட்டவணையைக் காவிரிக்கும் போட்டால் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை. குடும்பத்தைச் சரியாக அடையாளம் காணக் கற்பது இங்கே. மதிப்பெண்ணுக்கு எந்த அட்டவணை என்பதை அந்த ஊர் விலங்கியலாளர்தான் சொல்ல வேண்டும்.

ஈரப் பஞ்சும் காற்றழுத்தமும்

கரைந்த ஆக்சிஜன் கருவியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். களத்தில் கெட்டுப்போகும் அளவுகளில் பெரும்பகுதி இங்கேதான் கெடுகிறது.

கருவியின் முனையைத் திருத்தும் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் நீர் அல்லது ஈரப் பஞ்சு இருக்கும். முனை அந்த நீரில் படக்கூடாது. ஈரம் நிறைந்த காற்றில் தொங்க வேண்டும். மூடியை இறுக்கித் திருகிவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், அரைத் திருகலோடு விட வேண்டும். முனையின் சவ்வில் ஒரு சொட்டு நீர் ஒட்டியிருந்தாலும் அளவு தவறும், மெல்லிய தாளால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. வெயிலில் வைத்துத் திருத்தினால் கிண்ணத்துக் காற்றும் முனையும் வெவ்வேறு வெப்பத்தில் இருக்கும், நிழலில் வைத்துப் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். இத்தனையும் ஒழுங்காகச் செய்த பிறகு ஒரு பொத்தான் மிஞ்சுகிறது: காற்றழுத்தம்.

கடல்மட்டத்தில், 25 பாகை வெப்பத்தில், காற்றிலிருந்து கரையக்கூடியது முழுதும் கரைந்து நிறைவு கொண்ட நன்னீரில் லிட்டருக்கு 8.26 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 பாகையில் 7.56. சிங்கப்பூரே கடல்மட்டம் என்பதால் இங்கே பயிற்சி பெற்றவர் அழுத்த எண்ணைக் கடல்மட்டத்துக்குரிய 760 மில்லிமீட்டர் பாதரசத்திலிருந்து மாற்றியதே இருக்காது. அவரே குடகு மலையில் 1,200 மீட்டர் உயரத்தில், காவிரியின் தலைப்பகுதியில் நின்று, அதே 760ஐ வைத்துத் திருத்துகிறார். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 13 விழுக்காடு குறைவு. நிறைவு அளவு 8.26 இல்லை, 7.2 அளவில்தான் இருக்கும். கருவியோ தன்னைச் சுற்றியுள்ள காற்றை 8.26 என்று நம்பிக்கொள்கிறது. அன்று முழுக்க எடுக்கும் அளவுகள் எல்லாம் 15 விழுக்காடு கூடுதலாக வரும். கெட்ட நீரும் நல்ல நீர்போலத் தெரியும். எண்களைப் பார்த்து இந்தத் தவற்றைக் கண்டுபிடிக்க முடியாது, எல்லாம் நியாயமான எண்களாகவே தோன்றும். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் அழுத்தம், வெப்பம், நேரம், திருத்தியவர் பெயர் நான்கையும் குறிப்பேட்டில் எழுதியிருந்தால் பின்னால் கணக்குப் போட்டாவது சரிசெய்யலாம். எழுதாவிட்டால் அந்த நாளின் அளவுகள் குப்பைதான்.

நேரமும் அப்படித்தான். பாசியும் நீர்ச்செடியும் உள்ள ஆற்றில் ஆக்சிஜன் விடியுமுன் மிகக் குறைவாகவும் பிற்பகலில் மிக அதிகமாகவும் இருக்கும். ஜூன் மாதம் காலை ஏழு மணிக்கு அளந்த குழு, டிசம்பரில் பேருந்து தாமதமாகிப் பிற்பகல் இரண்டு மணிக்கு அளந்தால் ‘ஆறு தேறிவிட்டது’ என்று முடிவு வரும். தேறியது ஆறில்லை, கடிகாரம்.

மின்கடத்துதிறனுக்கு 1413 மைக்ரோசீமன்ஸ் திட்டக் கரைசலில் திருத்தினால் போதும். ஆனால் கருவி 25 பாகைக்கு மாற்றிக் காட்டுகிறதா, உள்ளபடி காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பாகைக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு மாறுவதால் 30 பாகை நீரில் இரண்டுக்கும் 10 விழுக்காடு வித்தியாசம். பிஎச் முனையைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைப்பது பள்ளி ஆய்வகங்களில் இன்றும் நடக்கும் தப்பு. அது முனையைக் கெடுக்கும். பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். பாஸ்பேட் எடுக்கும் புட்டியைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவினால் சோப்பின் பாஸ்பேட்டைத்தான் அளப்போம். ஆற்றில் நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கைக்கு எட்டும் தூரத்தில் முன்னால், முழங்கை ஆழத்தில் புட்டியை அமிழ்த்த வேண்டும். நாம் கிளறிய சேறு நமக்குப் பின்னால்தான் போக வேண்டும். சாதாரணப் புட்டியை அதே ஆற்றுநீரில் மூன்று முறை அலசலாம், நுண்ணுயிர்ப் புட்டியை அலசவே கூடாது. பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டை மாதிரி, அதாவது அதே இடத்தில் உடனே இன்னொரு புட்டி. களத்திலேயே தூய நீர் ஊற்றி மூடிய வெற்றுப் புட்டி ஒன்று. இந்த இரண்டும் இல்லாத எண்களை எந்த ஆணையமும் வாங்காது.

அனுமதிகள்

தமிழ் தெரியும், சொந்த ஊர் இருக்கிறது என்பதால் தமிழ்நாட்டு ஆறுகளைத் தேர்ந்தெடுக்கும் ஆசை இங்கே பலருக்கு உண்டு. மொழி பெரிய பலம்தான். கலங்கல், மதகு, தலைமடை, கடைமடை என்று விவசாயி சொல்வது மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் புரியும். அனுமதி விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது. சுற்றுலா விசாவில் போய் ஆராய்ச்சி செய்யக்கூடாது. வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருப்பவர்களும் ஆராய்ச்சிக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று 2021 மார்ச்சில் இந்திய அரசு அறிவித்துவிட்டது. நீரின் உப்பை அளப்பது வேறு. அதிலுள்ள பூச்சியையோ நுண்ணுயிரையோ ஆய்வுக்கு எடுப்பது வேறு. இரண்டாவதற்கு 2002ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டப்படி வெளிநாட்டவர் தேசிய உயிரினப் பன்மை ஆணையத்திடம் முன் ஒப்புதல் பெற வேண்டும். ஆணையத்தின் அலுவலகம் சென்னையில்தான். துணைக்கோள் தொலைபேசி கொண்டுபோவது பாதுகாப்புக்கு நல்லது என்று தோன்றும். இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே கைதாகலாம்.

இந்தோனேசியாவில் வெளிநாட்டு ஆராய்ச்சியாளருக்கு அனுமதி தருவது அந்நாட்டு ஆராய்ச்சி, புத்தாக்க முகவை. அனுமதியின்றிச் செய்தால் 2019ஆம் ஆண்டின் சட்டத்தில் தண்டனை உண்டு. மலேசியாவில் உயிரியல் வளம் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எந்த நாடானாலும் விண்ணப்பத்தில் உள்ளூர்க் கூட்டாளியின் பெயர் இல்லாமல் காரியம் நடக்காது. ஆள் சேர்ப்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு: விண்ணப்பத்தில் பெயர் பெயராகக் கேட்பார்கள். ஆகவே விஞ்ஞானிகளைப் பயணத்துக்குக் குறைந்தது ஒன்பது மாதம் முன்பே உறுதிசெய்துவிட வேண்டும். மாணவர்களைப் பிறகு சேர்க்கலாம்.

சிங்கப்பூருக்குத் திரும்பும்போது வண்டல், மண், நுண்ணுயிர் வளர்த்த தட்டு எதையும் பெட்டியில் போட்டு வரக்கூடாது. தட்டுகளைச் சலவைக் குளோரினில் ஊறவைத்து அங்கேயே அழித்துவிட்டு, எண்களை மட்டும் கொண்டுவர வேண்டும்.

விமானத்தில் பொருள் கொண்டுபோவதிலும் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மாதிரிகளைப் பதப்படுத்தும் நைட்ரிக் அமிலமோ ஆக்சிஜனை விங்க்ளர் முறையில் அளக்கத் தேவையான அடர் கந்தக அமிலமோ பயணப் பெட்டியில் போகவே முடியாது. பூச்சிகளை வைக்கும் எத்தனாலையும் போகும் ஊரில் வாங்குவதே எளிது. கருவிகளின் உதிரி லித்தியம் மின்கலங்கள் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்மணிக்குள் இருந்தால் தனி ஒப்புதல் தேவையில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்.

உடம்பும் வெள்ளமும்

லாவோஸின் தெற்கே கோங் தீவுப் பகுதியிலும் கம்போடியாவின் கிராச்சே, ஸ்டுங் திரெங் மாநிலங்களிலும் மீக்கோங் நீரில் நத்தை வழியாகப் பரவும் சிஸ்டோசோமா புழு இருக்கிறது. தோல் வழியாக உள்ளே போகும். முழங்கால் நனைய நின்றாலே போதும். ஆகவே மார்பு வரை வரும் நீர்புகா உடை அங்கே வசதிக்காக அணிவது இல்லை, கட்டாயம். வெள்ளச் சேற்றில் எலிக்காய்ச்சலும், மண்ணில் வாழும் நுண்ணுயிரால் வரும் மெலியோய்டோசிஸ் தொற்றும் வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இரண்டாவது மிக ஆபத்தானது. நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு சாதாரணம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பது வயதுத் தொழில்நுட்பரைச் சேர்க்கும்போது இதைக் கேட்கத் தயங்கக்கூடாது. பயண மருத்துவரை எட்டு வாரத்துக்கு முன்பே பார்த்தால்தான் வெறிநாய்க்கடி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகளை முடிக்க நேரம் இருக்கும்.

டிசம்பர் விடுமுறையில் தமிழ்நாட்டின் தென்கோடிக்குப் போகிறவர்கள் 2023ஐ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரையுடைத்துத் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் மூழ்கின. சரியாகப் பள்ளி விடுமுறை வாரம் அது. வெள்ள எச்சரிக்கை வந்தால் அன்றைய அளவு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் குழுவில் யாருக்கு என்பதைப் புறப்படுமுன் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்’ என்ற நினைப்புதான் ஆற்றில் ஆளைத் தள்ளும். ஓட்டம் முழங்கால் அளவு, நடக்க முடியும் என்று தோன்றினாலும் கயிறும் மிதவை உடையும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

பணமும் படிவமும்

ஆட்களே தங்கள் செலவைக் கட்டினால் சிக்கல் குறைவு. ஆனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் வருவார்கள். பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினால் வெளிநாட்டு அறப்பணிக்கான நிதி திரட்டு அனுமதி வேண்டும். பொது நிதித் திரட்டில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூருக்குள்ளேயே செலவிட வேண்டும் என்ற விதியும் உண்டு. தனிப்பட்ட வட்டத்தில் திரட்டினால் அதிலிருந்து விலக்குக் கேட்கலாம். கோயிலிலோ தேக்காவிலோ உண்டியல் வைக்குமுன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

விண்ணப்பப் படிவத்தில் அடையாள அட்டை எண்ணைக் கேட்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். 2019 செப்டம்பரிலிருந்து சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்திலோ அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய இடத்திலோதான் அதைக் கேட்கலாம். கடப்பிதழ் எண்ணுக்கும் அதே கட்டுப்பாடு. தேர்வான பிறகு பயணச்சீட்டுக்காக வாங்கினால் போதும்.

செலவுத் திட்டத்தில் விமானச் சீட்டு, விடுதி, சட்டை எல்லாம் இருக்கும். மீதிப் பத்து மாதம் அளக்கப்போகும் உள்ளூர்க்காரருக்கான கைபேசிக் கட்டணமும், திருத்தக் கரைசலும், ஒன்றிரண்டு ஆண்டில் மாற்ற வேண்டிய ஆக்சிஜன் முனையின் மூடியும், அவர் இழக்கும் அரைநாள் கூலியும் இருக்காது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது இவற்றுக்கு ஒதுக்காத திட்டத்தில் ஆள் சேர்க்காமலே இருப்பது நல்லது. அவர் நான்காம் மாதம் அளப்பதை நிறுத்துவார், சிங்கப்பூரில் அது ஜூன் பயணத்தின்போதுதான் தெரியவரும்.

கண்காணிப்பு நிற்காமல் இருக்க ஒரு வழி, எண்ணைத் தெரிந்துகொண்டு மறைத்துவைத்த மாதிரியை அனுப்புவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பாஸ்பேட், நைட்ரேட், மின்கடத்துதிறன் எவ்வளவு என்று சிங்கப்பூரில் மட்டும் தெரிந்த கரைசலை, கூட்டாளி நிறுவனம் வழியாக எல்லா அளப்பவர்களுக்கும் கொடுத்து, வரும் எண்களை ஒரே தாளில் வரிசையாக எழுதுவது. ஜூலைத் தாளில் மின்கடத்துதிறன் எல்லாருக்கும் சரியாக வந்து, பாஸ்பேட் மட்டும் இரண்டு இடங்களில் இரு மடங்காக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிசம்பருக்கு அங்கே அனுப்ப வேண்டியது ஒரு வேதியியல்காரரையும், அவர் சொல்லித்தருவதை அந்த ஊர் மொழியில் எழுதி ஒட்டத் தெரிந்த ஓர் ஆசிரியரையும். பன்னிரண்டு மாணவர்களுக்கான அறிவிப்பை ஜூன் வரை தள்ளிவைக்கலாம்.